வீடியோவில் மஞ்சள் விழாது

கல்யாண வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்த மனிதர் யாரும் கிடையாது. எடுத்தவரே பார்த்திருக்க மாட்டார். அவரவர் தலை தெரிகிற இடம் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள், தெரிந்ததும் "ஐயே, இப்படிக் குண்டாவா இருக்கேன்" என்பார்கள், அப்புறம் காப்பி குடிக்க எழுந்துபோய்விடுவார்கள். எங்கள் வீடு இதற்கு விலக்கு. என் அக்கா ராஜியின் கல்யாண வீடியோவில் ஒரு கட்டத்தை எங்கள் குடும்பம் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. சம்பந்தி வீட்டார் பார்த்திருக்கிறார்கள். கரமனையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அந்தப் புகழ் முழுவதும் என் ஒருவனையே சேரும். (பங்கு கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.)

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டராக இருந்தேன். எடிட்டர் என்பது நான் சொல்லிக்கொண்டது. யாராவது கேட்டால் அப்பா, "கல்யாணக் கேசட் கடையில நிக்கறான்" என்பார். முதலாளி சஜி அண்ணன் மலையாளி. கேமரா தோளில் இருக்கும்வரை கைதேர்ந்த மனிதர். இறக்கி வைத்தால் எந்தப் பொருளை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அவருக்கு டேப் எல்லாம் ஒன்றுதான், கைக்கு எது வருகிறதோ அதில் அடுத்ததைப் பதிவு செய்துவிடுவார்.

அந்த ஸ்டுடியோவுக்கு ஒருநாள் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வந்தது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை அடுக்கி, வேண்டிய இடத்தை வைத்துக்கொண்டு வேண்டாததை எடுத்துவிடலாம். ஒவ்வோர் அடுக்குக்கும் லேயர் என்று பெயர். எதை வைப்பது, எதை எடுப்பது என்று சொல்வது மாஸ்க். மாஸ்க் என்பது வேறொன்றுமில்லை, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் உங்கள் லேயர் தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் லேயர் ஓட்டையாகி, பின்னால் இருப்பது தெரியும்.

இதுவரை எனக்குப் பிரச்சினை இல்லை. அதற்கடுத்த மெனுவில்தான் சனி காத்திருந்தது. கம்ப்யூட்டரில் நாம் பார்க்கும் ஒவ்வொரு வண்ணப் படமும் உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாம். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. சேனல் என்று பெயர். சிவப்புச் சேனலைத் தனியாகத் திறந்தால் தக்காளி வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. அதே தக்காளி நீலச் சேனலில் கரிக்கட்டை. நான் பிரமித்துப்போனேன். ஒரே தக்காளியை மூன்று பேர் பார்க்கிறார்கள், மூன்று பேரும் வேறு வேறு சாட்சி சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் மனிதனாக இல்லை. தெருவில் வருகிறவர்கள் நெற்றியைப் பார்த்தால், குங்குமம் சந்தனம் விபூதி எல்லாம் சிவப்புச் சேனலில் ஒன்றுபோல வெளுத்துவிடும் என்று தோன்றும். கரமனை ஆற்றங்கரை வாழைகள் எந்தச் சேனலில் பளிச்சென்று இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்து ஆற்றுப் படியில் சறுக்கி விழுந்திருக்கிறேன். தட்டில் எலுமிச்சை சாதத்தை வைத்துக்கொண்டு, "இது நீலத்துல பாத்தா தார் மாதிரி இருக்கும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அப்ப நீ திங்க வேண்டாம்" என்றாள்.

இந்த நிலையில்தான் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஸ்ரீதர், கல்லிடைக்குறிச்சிக்காரர், சாது. தகப்பனார் அவர் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா பங்கஜம் மாமி தனி ஆளாக வளர்த்து ஆளாக்கினவள். நெடுநெடுவென்று உயரம், கனத்த கண்ணாடி, எதைக் கண்டாலும் "இது என்னது?" என்று கேட்கிற சுபாவம். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டு மிக்ஸியைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கம் பார்த்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் பயம்தான்.

சஜி அண்ணன் கேமரா, நான் வயர் சுற்றுகிறவன். முகூர்த்தம் நெருங்குகிற சமயம் ஒரு விளக்கு அணைந்துவிட்டது. இன்னொரு வயர் எடுக்க மண்டபத்துப் பக்கவாட்டு அறைக்கு ஓடினேன். அங்கே பாத்திரங்களுக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவில், கதவுக்குப் பின்னால் பங்கஜம் மாமி நின்றுகொண்டிருந்தாள்.

"மாமி, இங்க என்ன பண்றேள்? முகூர்த்தமாயிடுத்து, வாங்கோ."

"நான் இங்கயே இருக்கேன்டா கொழந்தே. நல்ல சமயத்துல நானெல்லாம் முன்னாடி வந்து நிக்கப்படாது." அவள் அதைச் சொன்ன விதம், மழை வரும் குடை எடுத்துக்கோ என்பதுபோல இருந்தது. "நீதானே வீடியோ பண்றவன்? அதுல பாத்துக்கறேன். ஸ்ரீதர் தாலி முடியறானே, அதை மட்டும் நன்னாத் தெரியறாப்பல போட்டுடு."

"நேர்ல பாக்கறதைவிட நன்னாத் தெரியும் மாமி. என் பொறுப்பாக்கும்."

ஒரு விதவை தன் ஒரே பிள்ளையின் கல்யாணத்தைத் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் நின்று காதால் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது, ஏன் சொன்னார் என்றெல்லாம் எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. தக்காளியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவன்தான். எனக்கு வயர் வேண்டியிருந்தது.

கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது, சஜி அண்ணன் அருமையாக எடுத்தார். போட்டோக்காரர்தான் கோட்டைவிட்டார். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தங்கை நாத்தனாராக முடிச்சுப் போடக் குனிந்த நேரத்தில் கிளிக் செய்துவிட்டார். ஆல்பத்தில் அவளுடைய பூ வைத்த பின்னந்தலை அரைப்பக்கம் வந்திருந்தது. ஆக, மாமி பார்ப்பதற்கு என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது வீடியோ ஒன்றுதான். அது என் கையில் வந்து சேர்ந்தது.

வந்ததை வந்தபடி விட்டிருக்கலாம். ஆனால் மணமக்களுக்குப் பின்னால் பந்தல்காரர் ஒரு மஞ்சள் சாட்டின் துணியைத் தொங்கவிட்டிருந்தார். அதில் பழைய கல்யாணம் எதிலோ பட்ட ரசக்கறை. அது என் கண்ணை உறுத்தியது. தவிர, கல்யாணமானதும் பொன்முடிக்குப் போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அத்திம்பேர் ஸ்ரீதருக்கு லீவு கிடைக்கவில்லை. சஜி அண்ணனிடம் வித்துரா தாண்டி மலையேறிப்போய் எடுத்த பொன்முடி மூடுபனி இருந்தது. அக்கா பொன்முடிக்குப் போக முடியாவிட்டால், பொன்முடியை முகூர்த்தத்துக்குக் கூட்டிவந்தால் என்ன?

எல்லாரும் நீலத் திரை, பச்சைத் திரை என்று செலவு செய்கிறார்கள். எனக்கு மஞ்சள் திரை சும்மா கிடைத்திருக்கிறது. மஞ்சளில் நீலம் கிடையாது. ஆகவே நீலச் சேனலில் அந்தத் துணி கன்னங்கரேல். நீலச் சேனலையே எடுத்து மாஸ்க்காகப் போட்டால் துணி மட்டும் ஓட்டையாகும், பொன்முடி உள்ளே வரும். அத்திம்பேர் கட்டியிருந்தது வெள்ளை வேஷ்டி, பிரச்சினை இல்லை. அக்கா எல்லாரையும் போல அரக்குக் கூறைப்புடவை எடுக்காமல், அடம்பிடித்து வாடாமல்லி நிறத்தில் எடுத்திருந்தாள். அதில் நீலம் உண்டு. முகங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன், வந்துவிட்டன. எனக்காகவே எல்லாரும் நிறம் பார்த்து உடுத்திக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

தலைமுடி மட்டும் தகராறு செய்தது. முடி கறுப்பு அல்லவா, எந்தச் சேனலிலும் கறுப்புதான். மாஸ்க்கைப் போட்டதும் மணமக்கள் இருவருக்கும் புருவத்துக்கு மேல் மூடுபனி. கல்யாணம் பண்ணிவைத்த வாத்தியாருக்குக் குடுமி போய், காதுக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம் தெரிந்தது. நான் விடவில்லை. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கையால் கோடு வரைந்து, தலை அசைய அசையக் கோட்டை நகர்த்தி, அந்த வாரம் முழுவதும் மயிர் மயிராகப் பாடுபட்டேன். தலையைக் காப்பாற்றும் மும்முரத்தில் கழுத்தைப் பார்க்கவில்லை. நான் வேலை செய்தது தீப்பெட்டி அளவு ஜன்னலில். அதில் கழுத்தில் தெரிந்த வெண்கோடுகளை மாலைப் பூ என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் சஜி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழம்பொரி (நம் வாழைப்பழ பஜ்ஜிதான்) தின்றுகொண்டே பார்த்தவர், "கொள்ளாமல்லோடே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. அந்தக் கால ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கல்யாணம் உள்ளே வர வேண்டுமானால் இன்னொன்று வெளியே போக வேண்டும். அக்காவின் கல்யாணத்தை சிடியில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். டேப்தான் இருக்கிறதே.

மாமி அதற்காகவே கல்லிடைக்குறிச்சியிலிருந்து அக்காவையும் அத்திம்பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்து, எங்கள் கூடத்தில் டிவிக்கு நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி, அது மாமிக்கு. மற்றவர்கள் கீழே. எதிர்வீட்டுக் கிட்டா மாமா, அழைக்காமலேயே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மாமி கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப வருமோ?" என்று ஒவ்வொரு நிமிஷமும் கேட்டாள்.

வந்தது. ரசக்கறை போன இடத்தில் பொன்முடி எழும்பியது. கூடத்தில் எல்லாரும் ஒருசேர மூச்சை இழுத்தார்கள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு, பெரிய விஷயமில்லை என்ற முகத்தோடு நின்றேன். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். சிறிது நேரம் இருந்தது.

"என் வளையெல்லாம் எங்கடா?" என்றாள் அக்கா.

திரையில் அவளுடைய உள்ளங்கை இருந்தது, முழங்கை இருந்தது. நடுவில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம் இருந்ததால் கை தனியாக மிதந்தது. கழுத்தில் அட்டிகை இருந்த இடத்தில் ஒரு மலைச்சரிவு. எங்கள் வீட்டுப் பொன் முழுவதையும் பொன்முடி விழுங்கியிருந்தது.

"எடா, கழுத்துல என்ன பொக?" என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையை வீசி எதையோ எறிந்தார்கள். மஞ்சள் அட்சதை. ஒரு மணிகூடத் தெரியவில்லை, வெறும் காற்றை எறிந்தார்கள். அத்திம்பேர் இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒன்றுமே இல்லாததை மிகுந்த பக்தியோடு அக்காவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். முதல் முடிச்சை அவர் போட்டார். மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டாள். எதில் போட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மஞ்சள் சரடு. மஞ்சளில் நீலம் கிடையாது. தங்கத்திலும் கிடையாது. இதையெல்லாம் நான் அப்போதுதான், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, நிதானமாகப் புரிந்துகொண்டேன்.

அம்மா ஓடிவந்து அக்காவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே இருந்தது. அத்திம்பேர் பரிதாபமாக, "நான் கட்டினேனே, நன்னா ஞாபகம் இருக்கு" என்றார். கிட்டா மாமா சுவரிலிருந்து நிமிர்ந்து, "தாலி காணாமப் போறது நல்லதுக்கில்லையாக்கும்" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சேனலிலும் ஒரே நிறம்தான்.

மாமி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று நினைத்தேன்.

"திருப்பிப் போடு," என்றாள்.

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துக்கொண்டு, மூக்கு திரையில் படுகிற மாதிரி பார்த்தாள்.

"வளை இல்லே. அட்சதை இல்லே. சரடு இல்லே. ஆனா வெள்ளிச் சொம்பு இருக்கு, பூ இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "மஞ்சளா இருக்கறது மட்டும் போயிருக்கு. ஏண்டா அப்படி?"

கோபம் இல்லை. மிக்ஸியைத் திருப்பிப் பார்த்த அதே முகம்.

ஒரிஜினல் டேப் ஸ்டுடியோவில் இருக்கிறது, மத்தியானத்துக்குள் சரிசெய்துவிடுவேன் என்று உளறினேன். "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். வழியெல்லாம் நான் அவளைவிட வேகமாக நடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

சஜி அண்ணனிடம் டேப்பைக் கேட்டேன். மேஜையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். உள்ளே போட்டு ஓட்டினேன். நாதஸ்வரம் கேட்டது. அக்கா குனிந்த தலையோடு வந்து மணையில் உட்காருகிறாள். என் உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடி கடல் வந்தது.

புத்தம்புதிய மீன்பிடி வள்ளம் ஒன்றைப் பத்திருபது பேர் கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஆ டேப்போ? அதில் ஞான் விழிஞ்ஞத்தெ வள்ளம் எடுத்தல்லோடே," என்றார் சஜி அண்ணன். "நீ எல்லாம் கழிஞ்ஞு எந்நல்லே பறஞ்ஞது?"

எல்லாம் முடிந்தது என்று நான்தான் சொல்லியிருந்தேன்; அவர் அக்காவின் கல்யாணத்தின் மேலேயே விழிஞ்ஞம் கடற்கரைப் படகை எடுத்துவிட்டார். வள்ளம் தண்ணீரில் இறங்கி ஆடிக்கொண்டு போயிற்று. மாமி அதையும் விடாமல் பார்த்தாள். "யாரோட படகு இது? புதுசா?" என்று சஜி அண்ணனைக் கேட்டாள். அவர் பதில் சொல்லத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எடிட்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், இரண்டு பேர் முன்னால் விக்கி விக்கி அழுதேன். என் பொறுப்பு என்று அந்தக் கதவருகில் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்குடா அழறாய்? வாசப்படி தாண்டி ரெண்டு எட்டு வெச்சிருந்தா நேர்லயே பாத்திருப்பேன். நான் வைக்கலை. அதுக்கு உன் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அழுதது போரும். அந்த மஞ்சள் எப்படிப் போச்சுன்னு காட்டு."

காட்டினேன். சிவப்பைத் திறந்தேன், பச்சையைத் திறந்தேன், நீலத்தைத் திறந்தேன். அவளுக்குப் பிடிபட்டதும் விடவில்லை. சஜி அண்ணனை விட்டுப் பழம்பொரியைக் கேமரா முன்னால் பிடிக்கச் சொன்னாள், அது நீலத்தில் கரியானதைப் பார்த்துச் சிரித்தாள். தன் சாம்பல் நிறப் புடவைத் தலைப்பைக் காட்டினாள். மூன்று சேனலிலும் அது ஒரே மாதிரி சாம்பலாக இருந்தது. அதற்குச் சிரிக்கவில்லை.

"அப்ப சரடு இல்லாமப் போகலை," என்றாள். "இருந்துண்டுதான் இருந்தது. இதுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

"ஆமாம் மாமி."

திரும்பி நடக்கும்போது வழியில் பழுத்த வாழைக்குலை தொங்கிய கடையருகே நின்று, "இது?" என்று கேட்டாள். கறுப்பு என்றேன்.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், மஞ்சள் பொடி டப்பாவோ, மோதிரமோ, ஒருமுறை அப்பாவின் பென்ஷன் பாஸ்புக்கோ, "நீலத்துல விழுந்திருக்கும், அவனைக் கேளு" என்பார்கள். (பாஸ்புக் நீல நிறம். சொன்னால் யாரும் கேட்பதில்லை.)

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அதே மண்டபம். கேமராவில் சஜி அண்ணன், பின்னால் என் கட்டளைப்படி வெள்ளைத் துணி. நான் தாலியைக் கையில் வாங்குகிற நேரத்தில் பக்கத்தில் சலசலப்பு. பங்கஜம் மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மணைக்கு வந்துகொண்டிருந்தாள். கிட்டா மாமா கையை நீட்டி, "பங்கஜம், நீ கொஞ்சம் அந்தப் பக்கமா..." என்று தொடங்கினார்.

"வீடியோல மஞ்சள் விழாது அண்ணா. நான் நேர்லயே பாத்துக்கறேன்," என்றாள் மாமி.

கிட்டா மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சாஸ்திரம் தெரிந்தவர், சாஃப்ட்வேர் தெரியாது. எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குள் மாமி திரும்பிப் போய், பக்கவாட்டு அறை வாசலில் மாமியைப் போலவே கணவனை இழந்து ஒதுங்கி நின்ற என் அத்தையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்த அறையில் தேங்காய் மூட்டை மட்டும்தான் நிற்கிறது. யாராவது தயங்கினால் ஒருவர் சொன்னால் போதும், வீடியோவில் மஞ்சள் விழாது என்று.

மாமி என் கல்யாணத்தில் நன்றாகப் பார்த்தாள். எவ்வளவு நன்றாகவென்றால், எனக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்று பார்த்தாள். "மாமீ, ஒண்ணு மாறணே" என்று சஜி அண்ணன் கெஞ்சுவது சிடியில் தெளிவாகக் கேட்கிறது. அவள் நகரவில்லை. ஆகவே என் கல்யாண வீடியோவிலும் தாலி கட்டுவது தெரியாது. கெட்டிமேளம் முழுவதும் திரையை நிறைத்துக்கொண்டு ஒரு சாம்பல் நிறப் புடவையின் முதுகுதான் இருக்கிறது. இதில் என் மனைவிக்கு இன்றுவரை குறை. அந்த முதுகுக்கு ஒரு மாஸ்க் போட்டு எடுத்துவிட முடியாதா என்று ஒவ்வொரு கல்யாண நாளன்றும் கேட்கிறாள். முடியும், இப்போது அதற்கெல்லாம் நிமிஷ நேரம் போதும். நான் எடுக்க மாட்டேன்.